உசத்திப் பெட்ரோல்

லிட்டருக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடக் கொடுத்து உசத்திப் பெட்ரோல் போடுவது வண்டிக்கு நல்லதா என்று யாராவது என்னிடம் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். உண்மையில் தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் வெளியில் சொல்லும்படியாக இல்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதியாவது தொலைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் துறைமுக அலுவலகத்துக்கு மாற்றலாகிக் கல்கத்தா வந்தேன். டாக்குரியாவில், ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு வீட்டின் மாடி வாடகைக்குக் கிடைத்தது. கீழே வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். ரிட்டயரான பூகோள வாத்தியார் ஒருவர், அவர் மனைவி. ஊர் வழக்கப்படி அவரைத் தாதா என்றும் அந்த அம்மாளைப் பௌதி என்றும் கூப்பிட்டோம். அண்ணன், அண்ணி என்று அர்த்தம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. வந்த மறு வருஷம் பிறந்த எங்கள் மகள் மாடியில் தூங்கினாள், கீழே வளர்ந்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் 'ஜோல்' என்றுதான் கேட்பாள். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு கொடுப்பாள்.

அந்தத் தெருவில் எனக்கு 'இஞ்சினியர் பாபு' என்று பெயர். நான் இஞ்சினியர் இல்லை. துறைமுகக் கிரேன்களுக்கு உதிரி பாகம் வாங்கும் பிரிவில் டெண்டர் ஃபைல் தள்ளுகிற ஆள். படித்தது பி.காம். ஆனால் மதராஸ் பக்கத்து ஆள், துறைமுகத்தில் வேலை, வாயைத் திறந்தால் பேரிங், கேஸ்கெட் என்று வரும். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. தென்னாட்டுக்காரன் என்றால் கணக்கும் யந்திரமும் பிறவியிலேயே வரும் என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. மிக்ஸி நின்றுபோனாலும், பம்பு செட்டு தண்ணீர் இழுக்காவிட்டாலும் மாடிப்படி ஏறி வருவார்கள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு அபிப்பிராயம் சொல்வேன். முதல் நாளே, ஐயா நான் அந்த ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு சின்ன கார் வாங்கினேன், இரண்டாம் கை வண்டி. அப்போதுதான் உசத்திப் பெட்ரோல் என்று ஒன்று பங்க்குகளில் வந்திருந்தது. கரியாஹாட் பக்கத்துப் பங்க்கில் அதற்கென்று தனியாக ஒரு பம்ப், பளபளவென்று பெயிண்ட் அடித்து. சீருடை போட்ட பையன் பளபளப்பான காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்தான். ஆக்டேன் அதிகம், இழுவை கூடும், மைலேஜ் கூடும், இஞ்சின் சுத்தமாகும் என்றெல்லாம் போட்டிருந்தது. பின்னால் நாலு வண்டி நிற்கிறது. இஞ்சினியர் பாபு சாதாரணம் போடு என்று எப்படிச் சொல்வான்? டேங்கை நிரப்பினேன்.

அதற்கப்புறம் பழக்கமாகிவிட்டது. வித்தியாசம் ஏதாவது தெரிந்ததா என்றால், தெரிந்த மாதிரி இருந்தது. கூடக் காசு கொடுத்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? என் மனைவிதான் ஒரு நாள் பக்கத்து சீட்டிலிருந்து கேட்டாள்.

"ஏங்க, வண்டி முன்னவிட வேகமாவா போகுது? எனக்கு என்னமோ அதே குலுங்கலாத்தான் தெரியுது."

உனக்கு என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றிருந்தது. அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. ஏமாந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. இன்னொருத்தரும் இதைப் போட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் இவள் வாயை அடைத்துவிடலாம் என்று தோன்றியது. இதை இப்படி அப்பட்டமாக அன்றைக்கு நினைக்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

தாதாவிடம் ஒரு பழைய பெரிய கார் இருந்தது, அவருடைய அப்பா காலத்தது. மாசத்துக்கு நாலு தரம் வெளியே எடுப்பார். டாக்குரியா மேம்பாலம் ஏறும்போது அதன் இஞ்சின் டக் டக் டக்கென்று தட்டும், யாரோ உள்ளே உட்கார்ந்து சுத்தியலால் கதவைத் தட்டுவது மாதிரி. கொஞ்ச மாசமாக அது அதிகமாகியிருந்தது. தாதாவுக்கு அதில் கவலை. நான் பெரிய மனுஷத் தோரணையில், சாதாரணப் பெட்ரோலில் ஆக்டேன் போதவில்லை, உசத்தி போட்டுப் பாருங்கள் என்றேன். அவர் மறுவார்த்தை பேசவில்லை. போட்டார். என் அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, சத்தம் நின்றுவிட்டது.

நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தாதா தெரு முழுக்கச் சொன்னார். சந்தையில் மீன்காரரிடம்கூடச் சொன்னார். நான் மனைவியிடம், பார்த்தாயா என்றேன். அவள் சரிங்க என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

அந்த வருஷ மழைக்காலத்தில் பௌதிக்கு வலது கண்ணில் வலி வந்தது. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வளையம் தெரிகிறது என்றார். உள்ளூர் டாக்டர் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது, மருந்துக்கு அடங்கவில்லை, ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்றார். வங்காளிகளுக்குப் பெரிய வைத்தியம் என்றால் தெற்கே போக வேண்டும். வேலூர், இல்லாவிட்டால் சென்னை. தமிழ்க் குடும்பம் ஒன்று மாடியில் இருக்கும்போது கேட்பானேன்? என் மச்சினி வீட்டுக்காரர் சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு நாலு நடை நடந்து பெரிய டாக்டரிடம் தேதி வாங்கிக் கொடுத்தார். இந்தத் தேதியை விட்டால் டாக்டர் வெளிநாடு போகிறார், திரும்ப ஒன்றரை மாசம் ஆகும் என்று போனில் இரண்டு தரம் சொன்னார். தாதாவும் பௌதியும் போக வர டிக்கெட் எடுத்தார்கள். துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தைய வாரம். ஹவுராவிலிருந்து புறப்படுகிற மத்தியான வண்டி. இன்னும் ஒரு டிக்கெட் அந்த மாசம் முழுக்க எந்த வண்டியிலும் இல்லை.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால் தாதா காரை ஆயில் மாற்ற ஹவுராவுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு மிஸ்திரி, மெக்கானிக்கைத்தான் அப்படிச் சொல்வார்கள், பீகார்க்காரர். இருபது வருஷமாக அந்த வண்டியில் வேறு கை பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாதா மாடிக்கு வந்தார். மிஸ்திரி ரேடியேட்டர் அடைத்துக் கிடக்கிறது என்கிறார், கழற்றிச் சுத்தம் செய்ய மூன்று நாள் வேண்டுமாம், அதுவரை வண்டியை மேட்டிலும் நெரிசலிலும் கொண்டுபோகாதே என்கிறார், ஸ்டேஷனுக்கு வாடகைக் கார் பிடித்துப் போ என்கிறார். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

நான் பேப்பரை மடிக்கக்கூட இல்லை.

"இஞ்சின் தட்டுதா தாதா?"

"இல்லை. அதுதான் நின்னுடுச்சே."

"அப்புறம் என்ன? மிஸ்திரிக்கு பூஜைச் செலவு இருக்கும். ஹவுரா என்ன டெல்லியா? நம்ம வண்டியிலயே போவோம், நானும் வர்றேன்."

தாதா சிரித்துவிட்டு இறங்கிப் போனார். அந்த ரேடியேட்டரை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

புறப்பட்ட அன்று புழுக்கம் தாளவில்லை. பௌதி பின்சீட்டில் வலது கண்ணை முந்தானையால் பொத்திக்கொண்டு, மடியில் ஆஸ்பத்திரி ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். தாதா ஓட்டினார். நான் முன்னால். ரெண்டாவது ஹூக்ளிப் பாலம் வழியாகப் போனால் சீக்கிரம் என்று யோசனை சொன்னதும் நான்தான். பாலத்துக்கு ஏறுகிற வளைவில் ஏதோ லாரி நின்றுபோய், வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. முக்கால் மணி நேரம் ஏற்றத்தில் நின்று நின்று பாலத்தின் மேலே வந்து சேர்ந்தோம். சூடு காட்டுகிற முள் அந்த வண்டியில் செத்துப் பல வருஷம். இஞ்சின் தட்டவில்லை. நான் அதையும் ஒரு தரம் பெருமையாகச் சொன்னேன். சொல்லி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, பானெட்டின் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஆவி வந்தது. வண்டி ஒரு முறை உதறி நின்றது.

பாலத்தின் நடுவில் எந்த டாக்ஸியும் நிற்காது. போலீஸ்காரர் விசிலை ஊதுகிறார். நான் ரோட்டின் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றேன், திட்டு வாங்கினேன். தாதா ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். பௌதி கைப்பிடிச் சுவரோரம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கீழே ஆற்றில் ஃபெரிப் படகு போய்க்கொண்டிருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு மணி என்ன என்று மட்டும் கேட்டார். நான் பத்து நிமிஷம் குறைத்துச் சொன்னேன். கடைசியில் ஒரு டெம்போக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். ஸ்டேஷனில் நாங்கள் ஓடிய பிளாட்பாரம் காலியாக இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் ஒரு போர்ட்டர் கால் கழுவிக்கொண்டிருந்தார். சென்னை வண்டி போய்விட்டதா என்று அவரிடம் போய்க் கேட்டேன், போய்விட்டது என்று தெரிந்தும்.

மறுநாள் தாதாவும் நானும் மிஸ்திரியின் பட்டறைக்குப் போனோம். வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து அங்கே போட்டிருந்தார்கள். தாதா என் மச்சினி வீட்டுக்காரருக்குப் போன் செய்ய பூத்துக்குப் போன நேரத்தில், மிஸ்திரி எனக்கு இஞ்சினைத் திறந்து காட்டினார். இஞ்சின் மூடிக்கு அடியில் இருக்கிற தகடு, ஹெட் கேஸ்கெட், எரிந்து போயிருந்தது. என்ன பெட்ரோல் போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். உசத்திப் பெட்ரோலுக்குப் பலம் ஒன்றும் கூடுதல் இல்லை, அது சட்டென்று தானாகப் பற்றிக்கொள்ளாது, அவ்வளவுதான். அழுத்தம் அதிகமுள்ள புது மாதிரி இஞ்சினுக்கு அது வேண்டும். இந்தக் கிழட்டு இஞ்சினுக்கும் வேண்டாம், உங்கள் சின்ன வண்டிக்கும் வேண்டாம். பிறகு குரலை ஏற்றாமல் சொன்னார்: "சூடு தாங்காமத்தான் பாபு அது தட்டிச்சு. எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிச்சு. நீங்க அது வாயப் பொத்திட்டீங்க."

அந்த நேரத்தில் தாதா திரும்பி வந்தார். அந்தத் தேதியை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்களாம், இனி ஒன்றரை மாசம் கழித்துத்தான். அவர் முகம் வெளுத்திருந்தது. நேரே மிஸ்திரியிடம் போனார். பத்து நாள் முன்னால் இந்த வண்டி உன் கையில் இருந்தது, நன்றாக ஓடிய வண்டியை என்ன செய்தாய், ரேடியேட்டர் வேலை உனக்கு வரவில்லை என்று எதையாவது முறுக்கிவிட்டாயா என்று கேட்டார். பூகோள வாத்தியார் ஒரு நாளும் யாரையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மிஸ்திரி கை துடைத்த துணியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார்.

நான் வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் செயின் கழன்றிருந்தது, இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வார்த்தை போதும். வரவில்லை. தாதா வண்டியை வேறு பட்டறைக்கு இழுத்துப் போகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். இருபது வருஷப் பழக்கம் அந்த நிமிஷத்தோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் என் மனைவி, விமானத்தில் போகலாமே, தேதி நாளன்னிக்குத்தானே, டாக்டர் கையில காலில விழுந்து பார்ப்போமே என்றாள். தாதாவின் பென்ஷனுக்கு அது யோசனையிலேயே வராது. என்னிடம் பணம் இருந்தது. ஆனால் டிக்கெட்டை நான் எடுத்துக் கொடுத்தால், ஏன் கொடுக்கிறான் என்று கேள்வி வருமே என்று பயந்தேன். பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே மறுநாளும் போய்விட்டது.

ஒன்றரை மாசம் கழித்துப் போனார்கள். ஆபரேஷன் நடந்தது. வலி போயிற்று. பார்வை வரவில்லை. முன்னாலேயே வந்திருந்தால் மிஞ்சியிருந்ததையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக மச்சினி வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார். தாதாவும் பௌதியும் திரும்பி வந்து அதைப் பற்றி மூச்சு விடவில்லை. எங்கள் மகள் வழக்கம்போலக் கீழே சாப்பிடப் போனாள். பௌதி எப்போதும் இலிஷ் மீனில் முள் எடுத்து எடுத்து அவள் தட்டில் வைப்பார். அன்று தட்டை அவள் பக்கம் நகர்த்தி, பெரியவளாகிவிட்டாயே, நீயே பார்த்துச் சாப்பிடு என்றாராம். அவள் மாடிக்கு வந்து, கீழ மாமி முள்ளெடுத்துத் தரமாட்டேங்கறாங்க என்று புகார் சொன்னாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

ஒரு வருஷம் தாங்கினேன். சரியாகச் சொன்னால், ஒரு வருஷம் கோழையாக இருந்தேன். தாதா புது மிஸ்திரியிடம் வண்டியைச் சரி பண்ணி, இன்னும் உசத்திப் பெட்ரோலே போட்டுக்கொண்டிருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், இஞ்சினியர் பாபு சொன்னதைத்தான் நான் கேட்பேன், அந்த ஹவுரா திருடன் கையில் வண்டியைக் கொடுத்துத்தான் கெட்டேன் என்பார்.

அடுத்த பூஜை முடிந்து, விஜயா என்று ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பெரியவர்கள் காலைத் தொட்டு இனிப்புச் சாப்பிடுகிற நாள். நான் கீழே போனேன். தாதா சந்தேஷ் வாங்க முனைக் கடைக்குப் போயிருந்தார். பௌதி கட்டிலில் உட்கார்ந்து, பேப்பரை இடது கண்ணுக்கு நேராகப் பிடித்து, கழுத்தைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார். காலைத் தொட்டேன். எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான் இஞ்சினியர் இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்து, மிஸ்திரி சொன்னது, நான் வாயை மூடிக்கொண்டு நின்றது, விமான டிக்கெட் வரைக்கும். அழுதேன். சொல்லச் சொல்ல மனசு லேசாகிக்கொண்டே வந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பௌதி பேப்பரை நாலாக மடித்தார்.

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

இல்லை, வந்ததும் சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொல்லாதீங்க. மிஸ்திரி மேல கோபம் இருக்கறதாலதான் அவர் தூங்கறார். மிஸ்திரி சொன்னது சரின்னு தெரிஞ்சா, கேக்காம வண்டிய எடுத்தது நான்தானேன்னு தன் தலையில போட்டுக்குவார். எழுபது வயசு மனுஷன், தாங்க மாட்டார்."

சரி என்று தலையாட்டினேன். மிஸ்திரி காலில் போய் விழுகிறேன் என்றேன். அது உங்கள் இஷ்டம் என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"என்கிட்டயும் சொல்லியிருக்க வேண்டாம்," என்றார் பௌதி. குரலில் கோபம் இல்லை. "நேத்து வரைக்கும் எனக்குக் கண்ணு மட்டுந்தான் போயிருந்தது. இனி நீங்க மாடியிலேர்ந்து எறங்கி வரும்போதெல்லாம் நான் அவருக்காகச் சிரிச்சாகணும்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தாதா இனிப்புப் பெட்டியோடு உள்ளே வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, இஞ்சினியர் பாபு வந்திருக்கிறார், இன்னும் தட்டு வைக்கவில்லையா என்று மனைவியைக் கேட்டார். பௌதி எழுந்து தட்டை எடுத்து வந்தார். என் முன்னால் வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த வீட்டு மாடியில் இன்னும் நாலு வருஷம் இருந்தோம். ஒரு நாள்கூட அவர் சிரிக்காமல் இருந்ததில்லை.